பாங்காக் நகரத் தூணை வணங்கச் செல்வோருக்கு

பாங்காக்கின் காவல் தெய்வம் ஒரு மரத் தூணில் குடியிருப்பதாக தாய்லாந்து மக்கள் நம்புகிறார்கள். முதலாம் ராமா மன்னர் 1782 ஏப்ரல் 21 அன்று காலை 6.54-க்கு அதை நட்டார். நகரத்துக்கு ஜாதகம் கணித்தது அந்த நேரத்தை வைத்துத்தான். 1852-இல் நான்காம் ராமா இன்னொரு தூணை நிறுவினார். இரண்டும் இப்போது ஒரே கருவறையில் நிற்கின்றன. அந்தக் கோயிலின் பெயர் லக் முவாங்.

சனம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி அதே பெயருள்ள சாலையில் வடக்கே கால் மணி நேரம் நடங்கள். வலப்புறம் பழைய பீரங்கிகள் வரிசையாக நிற்கும் பாதுகாப்பு அமைச்சகம் வரும். அதை அடுத்த கட்டடம்தான் கோயில். "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று வழியில் யாராவது சொன்னால் நிற்காமல் நடங்கள். பக்கத்தில் உள்ள மன்னர் அரண்மனையைச் (கிராண்ட் பேலஸ்) சுற்றி நெடுங்காலமாக நடக்கும் ஏமாற்று அது. ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் குறைவு, அரண்மனை திறக்கும் எட்டரைக்குள் வழிபாடும் முடிந்துவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

நுழைவு இலவசம். ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, தங்கத்தாள், தாமரை, மூவண்ணத் துணி, எண்ணெய் எல்லாம் சேர்ந்த தொகுப்பை உள்ளேயே வாங்கலாம். சில்லறை பாட் நோட்டுகள் வைத்திருங்கள்.

முதலில் புத்தரை வணங்குங்கள். அடுத்து வெளியே உள்ள மாதிரித் தூண்கள். ஊதுபத்தி ஏற்றுவது, துணி கட்டுவது, தங்கத்தாள் ஒட்டுவது எல்லாம் இங்கேதான்; புகையும் விரலும் அசல் தூணைக் கெடுக்கும் என்பதால்தான் மாதிரி. தங்கத்தாளை விரலால் உரிக்காதீர்கள், வியர்வையில் ஒட்டிக் கிழிந்துவிடும். காகிதத்தோடு தூணில் வைத்து, பின்பக்கம் அழுத்தித் தேய்த்துவிட்டுக் காகிதத்தை மட்டும் எடுங்கள். பிறகு செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டு அசல் தூண்களிடம் போய்ப் பூ வைத்து வணங்குங்கள். அடுத்த மண்டபத்தில் நகரைக் காக்கும் ஐந்து தெய்வங்கள்.

எண்ணெய் விடுவது கடைசியில். பிறந்த கிழமைக்கு உரிய விளக்கில்தான் விட வேண்டும். நம்மில் பலருக்கு நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியாது, கிளம்பும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை பிறந்தவர்கள் நேரத்தையும் பார்க்க வேண்டும். பகல் புதனும் இரவுப் புதனும் தாய் மரபில் வேறு வேறு. இரவுப் புதன் ராகுவுக்கு உரியது.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது நேர்த்திக்கடனில். வேண்டிக்கொள்வது வேறு, "நடந்தால் இதைச் செய்கிறேன்" என்று நேர்வது வேறு. நேர்ந்தால் திரும்பி வந்து தீர்த்தே ஆக வேண்டும் என்பது அங்கே உறுதியான நம்பிக்கை. வளாகத்து மேடையில் கிரீடமும் பட்டும் அணிந்து ஆடுபவர்கள் சுற்றுலாக் காட்சிக்காக ஆடவில்லை. வேண்டுதல் பலித்த யாரோ பணம் கட்டி, தெய்வத்துக்காக ஆடச் சொல்லியிருக்கிறார்கள். ஓரமாக நின்று பார்க்கலாம், மேடைக்கும் சன்னதிக்கும் நடுவே நிற்காதீர்கள். மறுபடி பாங்காக் வருவது உறுதியில்லை என்றால் நேராமல் வணங்கிவிட்டு வாருங்கள்.