ரிமோட் டெஸ்க்டாப்: பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லையா?

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் (ஒரு கணினியை வேறொரு கணினியிலிருந்து திறந்து இயக்கும் வசதி) இணையும்போது, "இந்தக் கணக்குக்குத் தொலைவிலிருந்து உள்நுழைய அனுமதி இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். உடனே பலர் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், அடுத்து ஃபயர்வாலை அணைப்பார்கள். இரண்டும் வீண் வேலை. இந்தச் செய்தி வந்துவிட்டது என்றாலே நெட்வொர்க் சரி, போர்ட் (வழக்கமாக 3389) சரி, பெயரும் பாஸ்வேர்டும் சரி. உரிமை மட்டும்தான் இல்லை.

கீழே வரும் மாற்றங்கள் எல்லாம் நீங்கள் நுழைய நினைக்கும் கணினியில், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தபடி செய்ய வேண்டியவை. அதில் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது. ப்ரோ, என்டர்பிரைஸ் பதிப்புகள் ஏற்கும்.

படி 1: வந்தது அதே செய்திதானா?

"கணக்குக் கட்டுப்பாடுகள் தடுக்கின்றன" என்று வந்தால் அது வேறு சிக்கல். பெரும்பாலும் அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இருக்காது. பாஸ்வேர்டு இல்லாத லோக்கல் கணக்கை (அந்தக் கணினியில் மட்டும் உள்ள கணக்கு) கணினி முன் உட்கார்ந்து மட்டுமே திறக்க முடியும். விண்டோஸின் இயல்பான அமைப்பு அது. பாஸ்வேர்டு ஒன்று வைத்தால் போதும்.

"முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்" என்று வந்தால், புதிய கணக்கில் 'அடுத்த லாகானில் பாஸ்வேர்டை மாற்றுக' என்ற டிக் இருக்கிறது என்று பொருள். பயனரை நேரில் ஒருமுறை லாகின் செய்து மாற்றச் சொல்லுங்கள், அல்லது அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இதற்காக நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனை (திரை தெரியும் முன்பே ஆளைச் சரிபார்க்கும் முறை) அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அது இருப்பது உங்கள் பாதுகாப்புக்கு.

படி 2: பயனரைக் குழுவில் சேர்த்தல்

பத்தில் எட்டு பேருக்கு இதோடு முடிந்துவிடும் என்றே சொல்லலாம்.

1. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போங்கள். மேலே உள்ள சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும்.
2. அதே பக்கத்தின் கீழே ரிமோட் டெஸ்க்டாப் பயனர்களைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து 'ஆட்' அழுத்துங்கள்.
3. பெயரைத் தட்டச்சு செய்யும் முன் 'லொகேஷன்ஸ்' பொத்தானைப் பாருங்கள். லோக்கல் கணக்கு என்றால் கணினியின் பெயர், அலுவலக டொமைன் கணக்கு (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில் உள்ள கணக்கு) என்றால் டொமைன் பெயர் அங்கே இருக்க வேண்டும்.
4. பெயரை இட்டு 'செக் நேம்ஸ்' அழுத்துங்கள். பெயருக்கு அடிக்கோடு விழுந்தால் கணக்கு கிடைத்துவிட்டது. ஓகே கொடுங்கள். இப்போது அவர் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் சேர்ந்துவிட்டார்.

மூன்றாவது வரியில்தான் நிறைய பேர் சறுக்குவார்கள். 'குமார்' என்று ஒரு லோக்கல் கணக்கும், அதே பெயரில் ஒரு டொமைன் கணக்கும் இருக்கலாம். விண்டோஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஒன்றைக் குழுவில் சேர்த்துவிட்டு மற்றொன்றால் நுழைய முயன்றால் அதே மறுப்புதான் வரும். ஆகவே இணையும்போது வெறும் பெயரை மட்டும் தராமல், கணினிப் பெயர் அல்லது டொமைன் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்று முழுதாகத் தாருங்கள்.

சேர்த்தவுடன் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் பெயர் பட்டியலில் காணோமே என்று பதற வேண்டாம். அவர்களுக்கு இந்தக் குழு இல்லாமலே உரிமை உண்டு. அதற்காக, சிக்கல் தீரட்டும் என்று சாதாரணப் பயனரை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடாதீர்கள். நுழைய மட்டும் கேட்டவருக்குக் கணினியையே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

படி 3: குழுவில் இருந்தும் மறுப்பு வந்தால்

குழுவில் இருப்பது வேறு, அந்தக் குழுவுக்கு உரிமை இருப்பது வேறு. ஸ்டார்ட் மெனுவில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடித் திறங்கள். லோக்கல் பாலிசீஸ், அதனுள் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட். இங்கே நான்கு வரிகளைப் பார்க்க வேண்டும்.

'அலவ் லாகான் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' வரியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் ஆகிய இரண்டு குழுக்களும் இருக்க வேண்டும். இரண்டாவது குழுவை யாராவது நீக்கியிருந்தால், படி 2 எத்தனை முறை செய்தாலும் பயனில்லை. டொமைன் கன்ட்ரோலரில் (டொமைனை நிர்வகிக்கும் சர்வர்) மட்டும் இயல்பாகவே அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஒன்றுதான் இருக்கும். அதை அப்படியே விடுவது நல்லது.

அடுத்து 'டினை' என்று தொடங்கும் அதே பெயர் வரி. அலவ், டினை இரண்டிலும் ஒருவர் இருந்தால் டினைதான் வெல்லும். 'லோக்கல் அக்கவுன்ட்' என்ற பெயர் அங்கே இருந்தால் எந்த லோக்கல் கணக்கும் நுழைய முடியாது. பாதுகாப்பை இறுக்கிய அலுவலகக் கணினிகளில் இதைக் காணலாம்.

மீதி இரண்டும் 'நெட்வொர்க்கிலிருந்து இந்தக் கணினியை அணுகுதல்' என்பதன் அலவ், டினை வரிகள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இயங்கும்போது, திரை தெரியும் முன்பே நெட்வொர்க் வழியாக ஒரு லாகான் நடக்கிறது. இங்கே தடை இருந்தால் அந்த இடத்திலேயே கதவு மூடிவிடும்.

மாற்றங்கள் அடுத்த லாகானில்தான் நடைமுறைக்கு வரும். துண்டிக்கப்பட்ட பழைய செஷன் ஏதாவது கிடந்தால் முதலில் அதை சைன் அவுட் செய்யுங்கள்.

படி 4: பொத்தான் மங்கலாக இருந்தால், அல்லது சேர்த்த பெயர் காணாமல் போனால்

படி 3-இன் வரியில் 'ஆட்' பொத்தான் மங்கலாக இருந்தால் டொமைன் குரூப் பாலிசி (நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பும் அமைப்புகள்) அதைக் கையில் வைத்திருக்கிறது. டொமைனிலிருந்து வரும் பட்டியல் உங்கள் பட்டியலோடு சேராது. அதை முழுதாக மாற்றிவிடும். உங்கள் பக்கம் எதை மாற்றியும் பயனில்லை, டொமைன் நிர்வாகியிடம்தான் போக வேண்டும்.

குழுவில் சேர்த்த பெயர் இன்று இருந்து நாளை மறைந்தால், குழு உறுப்பினர்களையே நிர்ணயிக்கும் பாலிசி இருக்கக்கூடும். குரூப் பாலிசி இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை (அதற்கு மேல் 30 நிமிடம் வரை தள்ளிப்போகலாம்) புதுப்பிக்கப்படும். மாற்றமே இல்லாவிட்டாலும் பாதுகாப்பு அமைப்புகள் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் திணிக்கப்படும். அதனால்தான் 'நேற்று வேலை செய்தது' என்ற புகார் வருகிறது.

படி 5: இன்னும் பிடிபடவில்லை என்றால்

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். ஒருமுறை இணைய முயன்ற உடனே 4625 என்ற எண்ணுள்ள பதிவை (தோல்வியடைந்த லாகானின் பதிவு) தேடுங்கள். லாகான் டைப் 3 அல்லது 10 ஆக இருக்கும். அதில் 'ஃபெயிலியர் ரீசன்' வரிதான் முக்கியம். கேட்ட லாகான் வகைக்கு உரிமை இல்லை என்று இருந்தால் டைப் எண்ணைப் பாருங்கள்: 3 என்றால் நெட்வொர்க் வரிகள், 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வரிகள். கணக்கு முடக்கப்பட்டிருந்தாலும் பூட்டப்பட்டிருந்தாலும் அதே இடத்தில் தெரிந்துவிடும். 4625 பதிவே இல்லையென்றால், லோக்கல் பாலிசீஸில் ஆடிட் பாலிசிக்குள் 'ஆடிட் லாகான் ஈவென்ட்ஸ்' வரியில் ஃபெயிலியருக்கு டிக் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.