நிலா அப்பளமாகவே நிற்கிறதா? ஸ்டீரியோ படத்தில் செய்யும் தவறுகள்

இரு கண்ணுக்கும் சற்றே வேறு கோணத்தில் எடுத்த இரண்டு படங்களைக் காட்டி முப்பரிமாணமாகத் தெரியவைப்பதுதான் ஸ்டீரியோ படம். நிலாவை அப்படி எடுப்பதில் முதல் தவறை நானும் செய்திருக்கிறேன். மொட்டைமாடியில் ட்ரைபாடை நிறுத்தி ஒரு படம், நாலடி தள்ளி நிறுத்தி இன்னொரு படம். இரண்டையும் சேர்த்துச் சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் நிலா அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது. பின்னே இருக்காதா? அது இருப்பது சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில். அதற்கு நாலடி எந்த மூலைக்கு?

நிலா திரும்பும்வரை நாம் காத்திருக்க வேண்டும். எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்றாலும், நீள்வட்டப் பாதையில் சுற்றுவதால் இடமும் வலமும் கிட்டத்தட்ட 8 டிகிரிவரை தலையாட்டும். இதுதான் லைப்ரேஷன். வாரன் டி லா ரூ என்ற வானியலாளர் 1850களின் இறுதியிலேயே இதை வைத்து ஸ்டீரியோ படம் எடுத்துவிட்டார்.

தலையாட்டம் கிடைத்தால் போதும் என்று பத்து நாள் இடைவெளியில் எடுப்பவர்கள் உண்டு. பிறை மாறிவிடுமே! ஒரு கண்ணில் வெளிச்சம், மறு கண்ணில் இருட்டு; தலைவலிதான் மிச்சம். பஞ்சாங்கம் பார்த்து தசமிக்குத் தசமி எடுத்தாலும் போதாது. ஒரு திதிக்குள்ளேயே, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் நிழல் எல்லை 12 டிகிரி நகர்ந்துவிடும். முதல் படத்தில் அந்த எல்லை எந்தப் பள்ளத்தைத் தொட்டதோ, அதே பள்ளத்தைத் தொடும்போது இரண்டாவதை எடுங்கள். ஏழு பிறைச் சுற்று, அதாவது சுமார் 207 நாள் பொறுத்தால் பிறை அதேதான், தலை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், நிழல் எல்லைத் தொல்லை இல்லாத இரண்டு பௌர்ணமிகளைப் பிடிக்கலாம்.

அதற்காக 15 டிகிரி வித்தியாசத்துக்கு ஆசைப்படாதீர்கள். நிலா முட்டையாகி மூக்கை நீட்டும். கைநீட்டிப் பிடித்த சாத்துக்குடியை நம் இரு கண்களும் பார்க்கும் கோணம் சுமார் 6 டிகிரி. அது போதும்.

தொலைவு மாறுவதால் இரு படங்களில் நிலாவின் அளவும் மாறும்; சமமாக்குங்கள். மேலும் கீழுமாகவும் அது ஆடுவதால் நகர்வு சாய்வாக விழும். அது கிடைமட்டமாகும்வரை இரண்டையும் சேர்த்தே திருப்புங்கள்.

இடம் வலம் மாறினால் நிலா கிண்ணமாகக் குழிந்துவிடும். வடக்கு மேலே இருக்கும்படி வைத்து, வலது ஓரத்தில் உள்ள மேர் கிரிசியம் என்ற கரும்பொட்டைப் பாருங்கள். எந்தப் படத்தில் அது விளிம்பைவிட்டு அதிகம் தள்ளியிருக்கிறதோ அது வலது கண்ணுக்கு.

பள்ளங்கள் ஆழமாகத் தெரியவில்லையே என்று புலம்புவதும் வீண். 5 கி.மீ. உயர மலையின் உச்சிகூட 6 டிகிரிக்கு இரு படங்களுக்கும் இடையே அரை கி.மீ.தான் நகரும். நம் வீட்டு டெலஸ்கோப்புக்கு 2 கி.மீ. தெரிந்தாலே பெரிது. உருண்டை நிஜமாகத் தெரியும். பள்ளத்தின் ஆழமெல்லாம் நிழலின் வேலை. மலையையும் பள்ளத்தையும் முப்பரிமாணத்தில் பிடிக்க, சந்திரயான்-1 வெறும் 100 கி.மீ. உயரத்தில் பறந்து, முன்னே, நேர்கீழே, பின்னே என்று மூன்று கோணத்தில் படமெடுக்க வேண்டியிருந்தது.