கிளாசிக் நாவலைத் தொடர்கதை மாதிரி படியுங்கள்

நாற்பதை நெருங்கும்போது பலருக்கும் 'பெரிய நாவல்களை எல்லாம் இனியாவது படிக்கணும்' என்று ஒரு ஆசை வரும். புத்தகக் கண்காட்சியில் தலையணை சைஸில் நாலு வாங்கி, ஒன்றில் முப்பது பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும்.

இவற்றில் பல நாவல்கள் முதலில் புத்தகமாக வரவே இல்லை. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இலிருந்து 1895 வரை விவேக சிந்தாமணி பத்திரிகையில் தொடராக வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866இல் ஒரு மாஸ்கோ பத்திரிகையில் ஓடியது. 'பொன்னியின் செல்வன்' எப்படி வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். விட்டுவிட்டுப் படிக்கவே எழுதியதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் திகட்டத்தான் செய்யும். நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' பின்னுரைகளையும் சேர்த்து 361 அத்தியாயம், பெரும்பாலும் சின்னச் சின்னவை. அவசரமே இல்லாமல் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். அதே தல்ஸ்தோயின் 'இவான் இலியிச்சின் மரணம்', 1886இல் வந்த குறுநாவல், நூறு பக்கம் அளவுதான். முதல் அத்தியாயத்தைப் பாருங்கள்: கூட வேலை பார்த்த நீதிபதி இறந்துபோன செய்தி பேப்பரில் வந்திருக்கிறது. அறையில் இருப்பவர்கள் மனசுக்குள் உடனே ஓடுவது, அவர் இடம் யாருக்கு, அதனால் காலியாகும் இடம் யாருக்கு என்கிற கணக்கு. அப்புறம் துக்கம் விசாரிக்கப் போயாக வேண்டுமே, வீடு வேறு அவ்வளவு தூரம் என்ற சலிப்பு. இருபது வயதில் இதைப் படித்தால் 'என்ன மனுஷர்கள்' என்று தோன்றும். பத்து வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவருக்கு அந்த அறையில் இருக்கிற எல்லோரையுமே தெரியும், கொஞ்சம் தன்னையும். வயசான பிறகு படிப்பதன் லாபம் இதுதான், இதற்கு இலக்கியப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

ரஷ்ய நாவலில் எல்லோரும் தடுக்கி விழுவது பெயர்களில். 'குற்றமும் தண்டனையும்' நாயகனையே எடுத்துக்கொள்ளுங்கள்: ரஸ்கோல்னிகோவ் என்பது குடும்பப் பெயர். மரியாதையாகக் கூப்பிட்டால் ரோதியோன் ரொமானோவிச், அதாவது ரொமானின் மகன் ரோதியோன். அம்மாவுக்கு அவன் ரோத்யா. மூன்றும் ஒரே ஆள். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் ஒரு குட்டிப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், முதல் ஐம்பது பக்கத்துக்குப் பிறகு அது தேவைப்படாது.

பழைய தமிழ் நாவல் என்றால் சிக்கல் வேறு. வடமொழி கலந்த நீள வாக்கியங்கள் கண்ணால் பார்த்தால் மிரட்டும், வாய்விட்டுப் படித்தால் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தொனி வந்துவிடும். கமலாம்பாளில் ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சு வரும் பக்கங்களை அப்படிப் படித்துப் பாருங்கள், சிரிக்காமல் இருக்க முடியாது. பின்பாதியில் கதை வேதாந்தத்துக்குள் போய்விடும். அலுத்தால் தாண்டிப் போங்கள். 'போரும் அமைதியும்' நாவலின் இரண்டாம் பின்னுரையும் அப்படித்தான், முழுக்க வரலாறு பற்றிய கட்டுரை. அதைப் படிக்காததற்காக யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது நடுவில் எங்காவது ஒரு உரையாடலைப் புரட்டி ரெண்டு பக்கம் படியுங்கள். ஆட்கள் பேசுகிற மாதிரி இல்லையென்றால் வேறு பதிப்பைத் தேடுங்கள், எவ்வளவு பெரிய நாவலாக இருந்தாலும் சரி. அட்டையில் சுருக்கப் பதிப்பு என்று போட்டிருக்கிறதா என்றும் பார்க்கவும். காசு போட்டு வாங்கத் தயக்கமா, கல்கியின் நாவல்கள் மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியாக முன்னுரை. அறிஞர்கள் எழுதும் முன்னுரையில் யார் சாகிறார்கள், யார் யாரை விட்டு ஓடுகிறார்கள் என்று எல்லாமே வந்துவிடும். நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். நாவலை முடித்த பிறகு முன்னுரைக்கு வந்தால், அதை எழுதியவரோடு நன்றாகச் சண்டை போடலாம்.