நிறுவனங்களிடம் நன்கொடை கேட்பது எப்படி? சிறிய அறக்கட்டளைகளுக்கான செய்முறை

"எங்கள் சேவைக்குத் தாராளமாக உதவுங்கள்" என்று ஒரே கடிதத்தை நூறு நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என வருந்துகிற அறக்கட்டளைகள் ஏராளம். எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்ற மூன்றும் இல்லாத கடிதத்தைப் படிப்பவர் எதற்குச் சம்மதிப்பார்?

முதலில் ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிகளுக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைப் பெற, 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று வழக்கத்தில் சொல்லப்படும் வருமான வரிப் பதிவுகளும், ஏறத்தாழ எல்லா அறக்கட்டளைகளுக்கும் குறைந்தது மூன்றாண்டுப் பணி அனுபவமும் தேவை. 2021 ஏப்ரல் 1 முதல், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்யும் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் வழியே கிடைக்கும் பதிவு எண்ணும் கட்டாயம். அந்தப் படிவத்துக்கு ஆடிட்டரின் சான்று வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் அவர் அலுவலக வாசலில் நிற்கும் நிலையைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுங்கள். நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சொல்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுவதால், தொலைதூரத் தலைமையகத்தைவிட உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொழிற்சாலையிலிருந்து தொடங்குவதே நல்லது. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சென்ற ஆண்டு சமூகப் பணிகளுக்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்ற விவரமும், இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற திட்டங்களும் இருக்கும். அவற்றைப் படிக்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இனி முன்மொழிவு. என் அனுபவத்தில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். "அரசுப் பள்ளியின் சுகாதாரத்தை மேம்படுத்துதல்" என்று எழுதினால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. "மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை, 1,000 லிட்டர் தொட்டி, மோட்டார், குழாய் இணைப்பு ஆகியவற்றுக்கான மூன்று விலைப்புள்ளிகளை இணைத்துள்ளோம், பராமரிப்பைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்றுக்கொண்ட கடிதமும் உள்ளது" என்று எழுதிப் பாருங்கள். படிக்கும் மேலாளர் அதை அப்படியே தன் மேலதிகாரியிடம் நீட்டலாம். இரண்டு பக்கம் போதும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலையொட்டிக் கொடுங்கள். மார்ச்சில் அவசரமாக வரும் பணத்தை அவசரமாகவே செலவழிக்கச் சொல்வார்கள்.

சட்ட வரம்புக்குள் வராத அரிசி மண்டியையும் அச்சகத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களிடம் பொருளாகவோ வேலையாகவோ கேட்பது எளிது. ஆனால் பொருளாகத் தருவதற்கும், ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தருவதற்கும் 80ஜி வரிச்சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் மனக்கசப்பு வரும்.

பணம் வந்த அன்றே ரசீது கொடுங்கள். வேலை முடிந்ததும் பில் நகல்களோடும் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் படத்தோடும் ஒரு பக்க அறிக்கையை, அவர்கள் கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள். நன்கொடைக் கணக்கை வருமான வரித் துறைக்கு, நிதியாண்டு முடிந்து வரும் மே 31க்குள் தாக்கல் செய்து, அங்கிருந்து கிடைக்கும் சான்றிதழையும் அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.