ஏரி மீன் எடை கூடாமல் போக நாமே செய்யும் காரியங்கள்

ஓமலூர் பக்கம் இந்த வருஷமும் சில இளைஞர்கள் கூட்டாகச் சேர்ந்து ஏரிக் குத்தகை எடுத்திருக்கிறார்கள். சேர்வராயன் மலையில் நல்ல மழை, சரபங்கா ஆற்றில் தண்ணீர் வந்து ஏரியும் நிரம்பிவிட்டது. குஞ்சு விடும் அன்று கரையில் போய் நின்றேன். வண்டியிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு லட்சம்ணா. பாதி செத்தாலும் பாதி நிக்கும்ல?” என்றார் ஒரு தம்பி. நாங்கள் முதன்முதலில் குத்தகை எடுத்தபோது பேசிய அதே வசனம், எழுத்து மாறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பையை அவிழ்க்கும் முன் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட வேண்டும், வெயில் ஏறும் முன் விட வேண்டும் என்பதெல்லாம் குஞ்சு விற்பவரே சொல்லிவிடுவார். அதற்குள் நான் போகவில்லை.

அளவுக்கு மேல் குஞ்சு விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். நஷ்டமும் அதிகம் இதில்தான்.

ஒரு ஏரி இத்தனை கிலோ மீனைத்தான் தாங்கும். அதிலுள்ள நுண்ணுயிர், பாசி, புழு, அடிச்சேறு எல்லாம் சேர்ந்து கொடுக்கும் தீனி அவ்வளவுதான். கணக்குக்காக ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2,000 மீன் இருந்தால் ஆளுக்கு அரைக் கிலோ. 10,000 இருந்தால் ஆளுக்கு நூறு கிராம். மொத்த எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் நூறு கிராம் கட்லாவை எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டார். வெட்டினால் தலையும் முள்ளும்தான் மிஞ்சும்.

கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை மீன்களையும் சேர்த்து வளர்க்கும்போது ஹெக்டேருக்கு 5,000, அதாவது ஏக்கருக்குச் சுமார் 2,000 விரலிகள் (விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகள்) என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதுவும் தவிடு, புண்ணாக்கு போட்டு வளர்க்கிற குளத்துக்கு. தீனி போடாமல் ஏரி தருவதை மட்டும் நம்பினால் இன்னும் குறைக்க வேண்டும்.

சரி, எத்தனை ஏக்கருக்கு? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். குத்தகைத் தாளில் ஐம்பது ஏக்கர் என்று போட்டிருக்கும். அது ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கோடியில், அதாவது கலிங்கில் வழிகிற நாளின் பரப்பு. ஐப்பசியில் அதைப் பார்த்து மனசு குளிர்ந்து ஐம்பதால் பெருக்கிவிடுகிறோம். பங்குனியில் போய்ப் பாருங்கள், மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஐம்பது ஏக்கருக்கு விட்ட மீன் அத்தனையும் அந்தப் பள்ளத்தில் முட்டிக்கொண்டு கிடக்கும். மீன் எடை போட வேண்டிய வெயில் காலத்தில் அதற்குத் தீனியும் இல்லை, மூச்சு விட இடமும் இல்லை. நிறைந்த பரப்பில் பாதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். சீக்கிரம் வற்றுகிற ஏரி என்றால் அதிலும் குறையுங்கள். சித்திரை வரை எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது ஊரில் மாடு மேய்க்கும் பெரியவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

“பாதி செத்தாலும்” என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்றால், மலிவாகக் கிடைக்கிறதே என்று நுண்மீன் குஞ்சை வாங்கி விடுவதிலிருந்து. கொசுவளவு குஞ்சு அது. விரால், கெளுத்தி, தவளை, தண்ணீர்ப் பாம்பு, தட்டான் பூச்சியின் புழு என்று எல்லாவற்றுக்கும் விருந்து. ஒரு வருஷம் நூற்றுக்குப் பத்துகூட மிஞ்சாது. அடுத்த வருஷம் பகை மீன் குறைவாக இருந்தால் பெரும்பங்கு பிழைத்துவிடும். அப்போதுதான் தொல்லையே. செத்த குஞ்சால் போவது அதன் விலை மட்டும். பிழைத்த கூட்டம் ஒரு வருஷக் குத்தகைப் பணத்தையே தின்றுவிடும். பத்து சென்டிமீட்டர், அதாவது நல்ல விரல் நீளம் வளர்ந்த விரலியை வாங்கி எண்ணி விடுங்கள். ஒரு குஞ்சின் விலை கூடத்தான், ஆனால் எத்தனை நிற்கும் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

ஏற்கெனவே அதிகம் விட்டாயிற்று என்றால்? வலை போட்டுக் குறைக்க வேண்டும். இதைச் சொன்னால் கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். “சின்ன மீனைப் போய்ப் பிடிப்பாங்களா, வளரட்டுமே” என்பார்கள். எதைத் தின்று வளரும்? எங்கள் கூட்டில் இந்த வாக்குவாதம் நடந்த வருஷம், குறைக்க வேண்டாம் என்ற கட்சிதான் ஜெயித்தது. வைகாசியில் வலையை இழுத்தபோது கூடை கூடையாக வந்தது. எல்லாம் ஒரே அளவு, உள்ளங்கை நீளம். ஒன்றை எடுத்து முதுகில் கட்டைவிரலை ஓட்டினால் அரிவாள் விளிம்பு மாதிரி இருந்தது. தீனி தின்ற மீனுக்கு அந்த இடம் உருண்டு, விரலுக்கு மெத்தென்று இருக்கும். கட்லாவுக்கு இயல்பிலேயே தலை பெரிது, பட்டினி கிடந்த கட்லாவைப் பார்த்தால் தலைக்குப் பின்னால் வெறும் வால் ஒட்டிய மாதிரி தெரியும். வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். வலை இழுத்தவர்கள் கூலிகூட அதில் முழுசாகத் தேறவில்லை.

குறுகிப்போன மீன் இனி வளராது என்று கைவிடவும் வேண்டாம். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்துப் பண்ணைகளில் குஞ்சை வேண்டுமென்றே நெருக்கி வைத்து, அரைத் தீனியில் குறுக வைத்து, அதற்கப்புறம்தான் பெரிய குளத்துக்கு மாற்றுகிறார்கள். இடமும் தீனியும் கிடைத்ததும் அந்த மீன் விறுவிறு என்று எடை போடும். ஆகவே தையிலேயே ஒரு பங்கைப் பிடித்து விற்றுவிட்டால் மிச்சமிருப்பது தேறும். பங்குனியில் முழித்துக்கொண்டால் பயனில்லை.

ஜிலேபியைக் கண்டுகொள்ளாமல் விடுவது

கட்லாவும் ரோகுவும் நம் ஏரித் தேங்கல் தண்ணீரில் குஞ்சு பொரிக்காது, அதனால் நாம் விட்ட எண்ணிக்கைதான். ஜிலேபி, அதாவது திலேப்பியா மீன், அப்படியில்லை. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த மீன், இன்று அது இல்லாத ஏரி இல்லை. விரல் நீளத்திலேயே சினை பிடிக்கும், முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். எனவே நீங்கள் எண்ணி விட்ட 2,000-த்தோடு, யாரும் எண்ணாத ஒரு கூட்டமும் அதே தீனிக்கு நிற்கும்.

ஜிலேபியைப் பொறுத்தவரை சின்னது பெரிது பார்க்க வேண்டாம், வலையில் வந்தது எதையும் திருப்பி விடாதீர்கள். ஊர்ப் பையன்கள் தூண்டில் போட்டால் விரட்டாதீர்கள். கெண்டை மீன்கள் கால் கிலோவைத் தாண்டிய பிறகு கொஞ்சம் விரால் குஞ்சு விடலாம், ஜிலேபிப் பொடியை அது பார்த்துக்கொள்ளும். முன்னதாக விட்டால் உங்கள் விரலிகளைத்தான் முதலில் பார்த்துக்கொள்ளும்.

குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிப்பது

தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று ஒரு குஞ்சுக் கூட்டம் நகரும், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரம் பிடித்தால் ஒரு குழம்புக்காக ஒரு தலைமுறையே போச்சு.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

வேண்டாம். தடை செய்யப்பட்ட மீன், விலை பேசவே வேண்டாம்.

சாணியும் திப்பியும் கொட்டுவது

சாணி போட்டால் தண்ணீர் பச்சை பிடிக்கும், மீனுக்குத் தீனி ஊறும். உண்மைதான். ஆனால் எவ்வளவு என்று கேட்டால் “ரெண்டு டிராக்டர்” என்பார்கள். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்து மறைகிற அளவில் இருந்தால் சரி. மணிக்கட்டிலேயே மறைந்தால் நிறுத்திவிடுங்கள். பகலில் அந்தப் பச்சை ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் அதுவே இழுக்கும். மேகம் மூடிய நாட்களின் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் உடனே புதுத் தண்ணீர் விட வழி தேடுங்கள்.

நம்மூருக்கே உரிய தொல்லை திப்பி. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு அரைத்த சக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வண்டியோடு ஏரியில் சாய்க்கிறார்கள். அது பெரும்பாலும் மாவும் நாரும்தான், சதை வைக்கிற சத்து அதில் கொஞ்சம். தின்னாத மிச்சம் அடியில் புளித்து, தண்ணீரைக் கெடுக்கும். மாட்டுக்குப் போடுங்கள்.

சேலத்துக் கணக்கை ஏற்காட்டுக்கு எடுத்துப் போவது

காபித் தோட்டக் குட்டையில் கட்லா விட்டுவிட்டு “ஏன் வளரல?” என்று கேட்பவர்கள் உண்டு. கட்லாவுக்கு 25 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பு வேண்டும். மலை மேலே சாதாக் கெண்டை விடுங்கள், பொறுமையாகவும் இருங்கள்.

மாதிரி பார்க்காமல் இருப்பது

மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டு, இனத்துக்குப் பத்து மீனாவது நிறுத்து நோட்டில் எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு மாதம் எடை அப்படியே நின்றால் கூட்டம் அதிகம் அல்லது தீனி குறைவு. குறைக்க வேண்டாம் என்று வாதம் பண்ணும் கூட்டாளியிடம் காட்டுவதற்கும் அந்த நோட்டு வேண்டும்.

கோடியில் வலை கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது

வெள்ளம் வரும்போது மீன் தண்ணீரை எதிர்த்தும் ஏறும், தண்ணீரோடும் போகும், ஆகவே கோடியில் தடுப்பு வேண்டும். ஆனால் செத்தையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் கரையை அழுத்தும். மழை இரவுகளில் ஆள் போட்டுச் செத்தையை இழுத்துப் போட முடியுமென்றால் கட்டுங்கள். முடியாதென்றால் போகிற மீன் போகட்டும், வலையை அவிழ்த்துவிடுங்கள்.