இராணுவ ஆலோசகரை அனுப்பலாமா? சொற்போர் அணிகளுக்குத் தயாரிப்புக் குறிப்பு

"பிற நாட்டுப் போருக்கு இராணுவ ஆலோசகர்களை அனுப்ப வேண்டும்" என்ற தலைப்பு விழுந்தால் பாதி அணிகள் முதல் நிமிடத்திலேயே சறுக்கிவிடுகின்றன. ஒட்டிப் பேசுகிறவர்கள் "வெறும் ஆலோசனைதானே" என்பார்கள். வெட்டிப் பேசுகிறவர்கள் "வியட்நாம், வியட்நாம்" என்று ஜெபம் சொல்வார்கள். இரண்டிலும் வாதம் கிடையாது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சொற்போருக்கு ஆயத்தமாகும் மாணவர் அணிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். அணிக்கு மூவர், ஆளுக்கு 7 நிமிடம், தொகுப்புரைக்கு 4 நிமிடம், தலைப்பு தெரிந்தபின் 30 நிமிடத் தயாரிப்பு என்று கணக்கு. உங்கள் போட்டி விதி வேறாக இருந்தால் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் 8 நிமிடம்: ஆலோசகர் எங்கே நிற்கிறார்?

எத்தனை பேர் என்ற கேள்விக்கு முன்னால் எந்தப் படியில் என்ற கேள்வியைக் கேளுங்கள். தாளில் ஓர் ஏணி வரையுங்கள். மேல்படி, தலைநகரில் தற்காப்பு அமைச்சு. அடுத்தது போர்முனையிலிருந்து தள்ளியுள்ள பயிற்சி முகாம். அதற்கும் கீழே பிரிகேட் (சில ஆயிரம் பேர் கொண்ட படை) தலைமையகம், பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட பிரிவு), கடைசியில் ரோந்துக் குழு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆலோசனையின் பயன் கூடுகிறது. ஆலோசகர் சாகும் வாய்ப்பும் கூடுகிறது. தலைப்பின் முழுச் சண்டையும் இந்த ஏணியில்தான் நடக்கிறது.

ஈராக்கைப் பாருங்கள். 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் வீழ்ந்தபின் அமெரிக்கா அறிவித்தது 300 ஆலோசகர்கள் வரை. 2016 ஏப்ரலில் அவர்கள் பட்டாலியன் மட்டம் வரை இறங்க அனுமதி கிடைத்தது. 2016 இறுதிக்குள் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை 5,000-ஐ எட்டியிருந்தது. 2017 ஜூலையில் மோசுல் மீண்டது. ஒட்டுவோர் கடைசி வரியைச் சொல்வார்கள், வெட்டுவோர் நடுவரிகளைச் சொல்வார்கள். நான்கு வரியையும் மனப்பாடம் செய்த அணிதான் இருவருக்கும் பதில் சொல்ல முடியும்.

'ஆலோசகர்' என்பதற்கு வரையறை தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம். அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டுப் போர் அதிகாரத் தீர்மானம் நல்ல கோடு போட்டுத் தருகிறது. சண்டையிலுள்ள வேற்று நாட்டுப் படையோடு ஒருவர் கூடவே சென்றாலோ, அதை ஒருங்கிணைத்தாலோ, அது படையை அனுப்பியதாகவே கொள்ளப்படும். அதிபர் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அதன் ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாள் கெடு. "சுடவில்லை, கூடத்தான் போனோம்" என்ற சமாதானத்தை இந்த ஒரு விதியே உடைத்துவிடும்.

ஒட்டுவோர்: திட்டத்தைப் பூட்டுங்கள்

முதல் பேச்சாளர் ஒன்றரை நிமிடத்துக்குள் ஐந்து விவரம் சொல்லியாக வேண்டும்: அழைத்தது யார், எத்தனை பேர், எந்தப் படி வரை, எவ்வளவு காலம், எது நடந்தால் திரும்புவார்கள். பெரும்பாலான அணிகள் விடுவது கடைசி விவரத்தை. அதை விட்டால் இரண்டாவது எதிர்ப்பேச்சாளருக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள்.

எண்ணிக்கை வரம்புக்கு எல் சால்வடோர் சரியான எடுத்துக்காட்டு. 1980-களில் அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்கு அமெரிக்கா 55 ஆலோசகர் என்று வரம்பு வைத்தது; சண்டைக்குக் கூடப் போகவும் தடை. போர் 1992 ஜனவரியில் அமைதி ஒப்பந்தத்தில் முடிந்தது, அமெரிக்கத் தரைப்படை இறங்கவே இல்லை. ஆனால் இதே எடுத்துக்காட்டில் கத்தியின் மறுமுனையும் இருக்கிறது. 1981 டிசம்பரில் எல் மொசோட்டே கிராமப் படுகொலையைச் செய்த அட்லகாட்ல் பட்டாலியன் அமெரிக்கப் பயிற்சி பெற்றது. எதிரணி இதை எடுக்கும் முன் நீங்களே எடுங்கள்: உரிமை மீறலில் சிக்கிய பிரிவுக்குப் பயிற்சி இல்லை என்ற நிபந்தனையைத் திட்டத்தில் சேருங்கள். லீஹி சட்டம் என்ற பெயரில் அமெரிக்கா பின்னாளில் வைத்ததும் இதையேதான்.

வெட்டுவோர்: சறுக்குமரம் என்று சொன்னால் போதாது

"300 பேர் 3 லட்சம் ஆவார்கள்" என்றால் நடுவர் எழுதமாட்டார். ஏன் ஆகிறார்கள் என்று சொல்லுங்கள். ஆலோசகரைக் காக்கக் காவலர் வேண்டும். காயம்பட்டவரைத் தூக்க ஹெலிகாப்டர் வேண்டும், ஹெலிகாப்டருக்குத் தளம் வேண்டும், தளத்தைக் காக்க மறுபடியும் ஆள் வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் திரும்பி வருவது தோல்வியாகத் தெரிகிறது; எந்தப் பிரதமருக்கும் அது பிடிக்காது. இந்தச் சங்கிலியைச் சொல்லிவிட்டுப் பிறகு வியட்நாமை வையுங்கள்: 1960 இறுதியில் ஏறக்குறைய 900 அமெரிக்க ஆலோசகர்கள், 1963 இறுதியில் ஏறக்குறைய 16,000, 1965 மார்ச் 8-ல் டா நாங் கரையில் கடற்படைக் காலாட்படை. இப்போது எண்களுக்குப் பொருள் வருகிறது.

இரண்டாவது காரணம் சார்பு. ஆப்கானிஸ்தானில் 2015 முதல் பயிற்சி, ஆலோசனை, உதவி என்ற பெயரில் நேட்டோ பணி நடந்தது. 2021-ல் விமானங்களைப் பழுதுபார்த்த ஒப்பந்தக்காரர்கள் வெளியேறியதும் ஆப்கான் விமானப்படை தடுமாறியது. ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது. கற்றுக்கொடுத்தது போர்முறையை, கற்றுக்கொடுக்காமல் விட்டது ஸ்பேனர் வேலையை.

சட்டத்தில் ஒரு பொதுவான பிழை உண்டு. 1986-ஆம் ஆண்டு நிகரகுவா வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் அமெரிக்கா சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது கிளர்ச்சிக்காரர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்ததற்கு. ஓர் அரசே அழைத்து ஆலோசகர் போகும்போது அந்தத் தீர்ப்பை வீசினால் அது உங்கள் மேலேயே வந்து விழும்.

நம் ஊர்ச் சரக்கு

மலேசிய மேடையில் அமெரிக்கக் கதையாகவே பேசிக்கொண்டிருந்தால் நடுவருக்குக் கொட்டாவி வரும். நம்மிடம் இருப்பது அதைவிட நல்ல சரக்கு.

1961 முதல் 1965 வரை அன்றைய தென்வியட்நாம் தலைநகர் சைகோனில் இருந்த பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் ராபர்ட் தாம்ப்சன். மலாயாவில் தற்காப்புச் செயலாளராக இருந்தவர். அவசரகாலத்தில் (1948–60) கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு உணவும் ஆதரவும் போகாமல் தடுக்க இங்கே ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள்; தோட்டங்களில் நம்மவர் லயங்களும் முள்வேலிக்குள் வந்தன. அந்த அனுபவத்தைத் தாம்ப்சன் வியட்நாமுக்குக் கொண்டுபோனார். அங்கே வேலை செய்யவில்லை. இங்கே குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் காட்டோரத்தில் நிலப்பட்டா இல்லாமல் இருந்தவர்கள். அங்கே பாட்டன் பூட்டன் மண்ணில் இருந்தவர்கள். தாம்ப்சன் மெதுவாகப் போகச் சொன்னார், சைகோன் ஆட்சியாளர்கள் அவசரப்பட்டார்கள். ஆலோசகரால் சொல்ல முடியும், நிறுத்த முடியாது. வெட்டுவோருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

ஒட்டுவோருக்குப் பட்டர்வொர்த் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின்படி (மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து) அங்குள்ள கூட்டுத் தற்காப்புத் தலைமையகத்துக்கு ஆஸ்திரேலிய விமானப்படை அதிகாரி தலைமை தாங்குகிறார். அரை நூற்றாண்டாக வேற்று நாட்டு அதிகாரிகள் நம் மண்ணில் இருந்தும் நாம் எந்தப் போரிலும் மாட்டவில்லை என்று வாதிடலாம். பினாங்கு அணிகள் இதை மறந்துவிட்டு வருவது ஆச்சரியம்தான், ஃபெர்ரியில் ஏறினால் எட்டிவிடும் ஊர். பதில் வரும்: "அங்கே போரே நடக்கவில்லையே." அதற்கும் தயாராக இருங்கள்.

2015-ல் மலேசியப் படையினர் சவுதி அரேபியாவுக்குப் போனார்கள். ஏமனிலிருந்து மலேசியர்களை மீட்கவும் மனிதாபிமான உதவிக்கும் என்றது அரசு. 2018-ல் ஆட்சி மாறியபின் தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு காலத்தில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். சண்டை போடாமலே ஓர் அணியோடு நம் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இது சாட்சி. விரும்பினால் திரும்பி வரமுடியும் என்பதற்கும் இதுவே சாட்சி. 1993 சோமாலியாவையும் 2004-ல் தொடங்கிய மிண்டனாவ் கண்காணிப்பையும் மட்டும் இங்கே இழுக்காதீர்கள். ஒன்று ஐ.நா. அமைதிப்படை, மற்றது போர்நிறுத்தக் கண்காணிப்பு. ஆலோசகர் பணி இரண்டிலும் இல்லை.

மியன்மாரைத் திட்டத்தில் வைக்கும் ஒட்டுவோர் அணி தன் காலில் தானே கயிறு கட்டிக்கொள்கிறது. அழைப்பது யார் என்ற முதல் கேள்விக்கே பதில் சிக்கலாகும், ஆசியானின் தலையிடாமைக் கொள்கை வேறு குறுக்கே நிற்கும்.

ஈழத்தை எடுத்தால்

தமிழ் மேடையில் யாராவது எடுத்தே தீருவார்கள். பொதுவாகச் செய்யும் தவறு 1987 முதல் 1990 வரை இருந்த இந்திய அமைதிப்படையை எடுத்துக்காட்டுவது. அது முழுப் படை, ஆலோசகர் குழு இல்லை. எதிரணி ஒரே வரியில் வெட்டிவிடும். தலைப்புக்குப் பொருந்துவது 1984. முன்னாள் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம் இலங்கைச் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. அரசு நேரடியாகப் போகாமல் தனியாரை விட்டால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. குரலை உயர்த்தாமல், 40 விநாடியில் சொல்லி முடியுங்கள். அவையில் கண்ணீர் வரலாம், மதிப்பெண் வராது.

மீதி 22 நிமிடமும் மேடையும்

12 நிமிடம் இரண்டு வாதங்களுக்கு. மூன்றாவது வாதம் தேடாதீர்கள், 7 நிமிடத்தில் அது நுனிப்புல்தான். 6 நிமிடம் எதிரணியின் இடத்தில் உட்கார்ந்து உங்கள் திட்டத்தை உடைக்க. மீதி 4 நிமிடம் இடைக்கேள்வி எழுத. கேள்வி 15 விநாடிக்குள் முடிய வேண்டும். ஒட்டுவோரை நோக்கி: "உங்கள் ஆலோசகர் நிற்கும் பட்டாலியன் தாக்கப்பட்டால் அவர் சுடுவாரா, ஓடுவாரா?" வெட்டுவோரை நோக்கி: "நாம் போகாவிட்டால் அந்தப் படைக்குப் பயிற்சி கொடுக்கப்போவது யார்?" இரண்டு கேள்விக்கும் உங்கள் பதிலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதே கேள்வி உங்களிடமே திரும்பி வரும்.

தொகுப்புரையில் புது எடுத்துக்காட்டு சேர்த்தால் நடுவர் கணக்கில் எடுக்கமாட்டார். கடைசி நிமிடத்தில் நினைவுக்கு வந்த அருமையான புள்ளிவிவரத்தை அடுத்த சுற்றுக்கு மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.