கெர்னல் அப்டேட் போட்டதும் லினக்ஸ் பூட் ஆகலையா? ஃபார்மேட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்

போன ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தை மகனிடமிருந்து போன். உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் மண்டபங்களில் கம்ப்யூட்டர் மொய் எழுதுவது அவர் தொழில். ஒரு லேப்டாப், சின்ன ரசீது பிரிண்டர், கூட ஒரு பையன், அவ்வளவுதான். "மாப்ள, லேப்டாப்பு எந்திரிக்க மாட்டேங்குதுடா, கறுப்பா நின்னுக்கிட்டு இங்கிலீசுல என்னமோ ஓடுது, பத்து மணிக்குக் காதுகுத்துல உக்காரணும்" என்றார். முந்தின ராத்திரி அப்டேட் கேட்டிருக்கிறது, சரி என்று கொடுத்து, அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். உள்ளே நான்கு வருட மொய்க் கணக்கு. நம்ம பக்கம் செய்முறைக் கணக்கில் ஒரு வரி தொலைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதே மாதிரி நின்றுபோன இன்னொருவர் லேப்டாப்பை ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து, அவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்த கதை அவருக்குத் தெரியும். குரல் நடுங்கியது அதனால்தான்.

அன்றைக்கு லேப்டாப் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டது, முழு ரிப்பேரைச் சாயந்திரம் உட்கார்ந்து செய்தோம். இந்த இரண்டு நிமிட வேலையை லினக்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றுமே புது கெர்னலைப் போடும்போது பழையதை உடனே அழிப்பதில்லை, அது பக்கத்திலேயே இருக்கும். உங்கள் கோப்புகளைக் கெர்னல் அப்டேட் தொடுவதே கிடையாது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக வண்டிக்குள் இருக்கும் சரக்கு எங்கேயும் போய்விடாது.

கட்டளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மச்சானுக்குப் போனில் வாசித்த மாதிரியே உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, இங்கே இடைவெளி இருக்கும் இடத்தில்தான் அங்கேயும் இடைவெளி. ‘ஜெனரிக்’ என்று வரும் பெயர்கள் உபுண்டு, மின்டுக்கானவை. ‘சூடோ’ என்பது எஸ், யூ, டி (d), ஓ. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்பது ஐ, என், ஐ, டி (t), ஆர், ஏ, எம், எஃப், எஸ். ‘யூநேம்’ என்பது யூ, என், ஏ, எம், இ.

சரி, முதலில் க்ரப் மெனுவுக்குப் போகவேண்டும், எந்தக் கெர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்கிற பட்டியல் அது. பவர் பட்டன் அழுத்தி, கம்பெனி லோகோ வந்து மறைகிற நேரத்தில் எஸ்கேப் பட்டனை ஒரு தடவை தட்டுங்கள். பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள். எஸ்கேப்பைப் பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி ‘க்ரப்’ என்ற எழுத்தோடு வெறும் திரை வந்து நிற்கும். பயப்படவேண்டாம், ‘நார்மல்’ என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டினால் மெனு திரும்பும். வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். மெனுவில் இரண்டாவது வரி ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. அதற்குள் போனால் கெர்னல்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும், மேலே புதியது, கீழே பழையது. உதாரணத்துக்கு மேலே 6.8.0-45, கீழே 6.8.0-44 என்று இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ‘ரிக்கவரி மோடு’ என்று இன்னொரு வரி. ரிக்கவரி இல்லாத பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து என்டர்.

இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. பழைய கெர்னலில் எழுந்துவிட்டால் கோளாறு புதுக் கெர்னலில், அல்லது அதற்கான துணைக் கோப்புகளில் இருக்கிறது. பழையதிலும் எழவில்லை என்றால் கெர்னலைத் திட்டிப் பயனில்லை. பல வாரம் ரீஸ்டார்ட் செய்யாமல் மூடி மூடித் திறந்துகொண்டிருந்த லேப்டாப்பில் என்றைக்கோ வந்த கோளாறு, அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்த அன்றைக்குத்தான் வெளியே தெரியும். நிறைய பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மச்சான் லேப்டாப் முதல் வகை. திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்றும், அதே வரியில் ‘அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்றும், கடைசியில் அடைப்புக்குறிக்குள் 0,0 என்றும் இருந்தது. இதைப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இனிட்ராம்எஃப்எஸ் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். கெர்னல் எழுந்ததும் வட்டு எங்கே இருக்கிறது, அதை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுக்கிற சின்ன மூட்டை அது. அந்த மூட்டை எழுதப்படாமல் போனதற்குக் காரணம், பூட் பகுதி நிரம்பிவிட்டது. ஊரார் கணக்கு உள்ளே இருக்கிறதே என்று நான்தான் அந்த லேப்டாப்பின் வட்டைப் பூட்டி என்கிரிப்ட் செய்து கொடுத்திருந்தேன். அப்படி இன்ஸ்டால் செய்தால் பூட்டாத தனிப் பகுதி ஒன்று பூட் கோப்புகளுக்காக ஒதுக்கப்படும், பழைய இன்ஸ்டால்களில் அது சில நூறு எம்பிதான். ஒரு இனிட்ராம்எஃப்எஸ் மட்டுமே பல பத்து எம்பி, சிலதில் நூறையும் தாண்டும். மூன்று நான்கு கெர்னல் சேர்ந்தால் இடம் தீர்ந்தது.

பழைய கெர்னலில் எழுந்ததும் டெர்மினலை (கட்டளை தட்டுகிற ஜன்னல்) திறந்து ‘டிஎஃப் -ஹெச் /பூட்’ (df) கொடுத்து, பூட் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 100 சதவீதம், அல்லது அதை ஒட்டி இருந்தால் விஷயம் இதுதான். அடுத்து ‘எல்எஸ் -எல்ஹெச் /பூட்’. புது எண்ணுக்கு ‘விஎம்லினஸ்’ (vmlinuz) என்ற கெர்னல் கோப்பு இருக்கும், ஆனால் அதே எண்ணில் ‘இனிட்ஆர்டி’ (initrd) என்று தொடங்கும் கோப்பு, அதாவது மேலே சொன்ன மூட்டை, இருக்காது. அப்புறம் ‘யூநேம் -ஆர்’ கொடுத்து இப்போது எந்தக் கெர்னலில் நிற்கிறீர்கள் என்று பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்த எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக்கூடாது, உட்கார்ந்திருக்கிற கிளை அது.

இடத்தைக் காலி செய்ய ‘சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ (sudo apt autoremove --purge). இப்போது ஓடுவதையும் புதியதையும் விட்டுவிட்டு மற்ற பழைய கெர்னல்களை அதுவே எடுத்துவிடும், கேட்கும்போது பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள். சில சமயம் இடமே இல்லாததால் ஏபிடியும் பாதியில் முறைத்துக்கொண்டு நிற்கும். அப்போது இருப்பதிலேயே பழைய எண்ணைப் பார்த்து ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -டி (d) -கே’, இடைவெளி விட்டு அந்த எண்ணை ‘ஜெனரிக்’ வரைக்கும் முழுதாகத் தட்டுங்கள், அந்த ஒரு மூட்டை மட்டும் நீங்கி இடம் கிடைக்கும். பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் கோப்பை அழிக்கிற வேலை வேண்டாம். அப்படி அழித்தால் பேக்கேஜ் கணக்கும் வட்டில் இருப்பதும் பொருந்தாமல் போய் அடுத்த அப்டேட்டில் வேறு வம்பு வரும்.

இடம் வந்ததும் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ (sudo dpkg --configure -a). பாதியில் நின்ற எல்லாவற்றையும் இது முடித்துவைக்கும். அப்டேட் நடுவில் கரண்ட் போய் நின்ற மெஷினுக்கும் இதே மருந்துதான். பிறகு ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’, புது கெர்னலின் முழு எண். கடைசியாக ‘சூடோ அப்டேட்-க்ரப்’. மறுபடி ‘எல்எஸ்’ கொடுத்து அந்த ‘இனிட்ஆர்டி’ கோப்பு புது எண்ணோடு வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ரீஸ்டார்ட். மச்சான் லேப்டாப்பில் சாயந்திரம் ஆறு மணிக்குச் செய்தது இவ்வளவுதான்.

இன்னொரு வகை, லோகோ வரைக்கும் வந்து அப்புறம் வெறும் கறுப்புத் திரை, எழுத்தே கிடையாது. என்விடியா கார்டு இருக்கிற மெஷினில் இதுதான் அதிகம். க்ரப் மெனுவில் கெர்னல் வரியின் மேல் நின்று ‘இ’ எழுத்தைத் தட்டினால் சில வரிகள் விரியும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில், ‘கொயட் ஸ்ப்ளாஷ்’ இருக்கும் இடத்துக்குப் பின்னால், இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ (என், ஓ, எம், ஓ, டி (d), இ, எஸ், இ, டி (t)) என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், நிரந்தரமாக எதையும் மாற்றாது. திரை மங்கலாக, பெரிய பெரிய எழுத்தாக வந்தாலும் பரவாயில்லை, உள்ளே போக வழி கிடைத்துவிட்டது. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ (dkms) கொடுத்தால் எந்தக் கெர்னலுக்கு டிரைவர் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும், புது எண் அதில் இல்லையென்றால் பெரும்பாலும் டிரைவரைக் கட்டத் தேவையான ஹெடர் பேக்கேஜ் இல்லாததுதான் காரணம். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’, பிறகு ‘சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’. வைஃபையும் சேர்ந்து செத்திருந்தால் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததை ஏற்றவிடாத பாதுகாப்பு) ஆனில் இருக்கும் மெஷினில் இதற்கு நடுவே ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லும், ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். அதை வைரஸ் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவர் ஏறும். சில நொடிதான் காத்திருக்கும், கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கெர்னலிலும் எழவில்லையா? ‘எமர்ஜென்சி மோடு’ என்று வந்தால் ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ (/etc/fstab) கோப்பில் இப்போது மாட்டியிராத வட்டு ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அந்த வரியின் முன்னால் ஹேஷ் குறி போட்டால் போதும். ‘பிஸிபாக்ஸ்’ என்றும் அதன் கீழே ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்றும் வந்து நின்றால் ‘எக்ஸிட்’ தட்டுங்கள், எந்தப் பகுதியில் கோளாறு என்று அதுவே சொல்லும். பிறகு ‘எஃப்எஸ்சிகே -ஒய்’ (fsck -y, வட்டைச் சோதித்துச் சரிசெய்கிற கட்டளை), அது சொன்ன பகுதியின் பெயர். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையோ கோடை மழையோ, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புக்கு இந்தத் திரை ஒருநாள் வந்தே தீரும். ஆனால் வட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எஃப்எஸ்சிகே போடாதீர்கள், முதலில் கணக்கை வெளியே எடுங்கள்.

வெளியே எடுக்க ஒரு லைவ் பென்டிரைவ் வேண்டும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கி, ஓடுகிற வேறு கம்ப்யூட்டரில் உபுண்டுவையோ மின்டையோ எழுதிக்கொள்ளுங்கள். அதில் பூட் செய்து ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் எதையும் எழுதாமல் டெஸ்க்டாப் வரும். ஃபைல் மேனேஜரில் உங்கள் வட்டைத் தட்டுங்கள், பூட்டிய வட்டு என்றால் பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் திறக்கும், வேண்டியதை இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2011 முதல் அரசு கொடுத்த மாணவர் லேப்டாப் எத்தனையோ நம்ம வீடுகளில் பரணில் கிடக்கிறது, அவற்றிலிருந்து பழைய போட்டோவை எடுத்துக் கொடுத்ததும் இதே வழியில்தான்.

மறுபடி எழுந்த பிறகு இரண்டு வேலை. ‘/இடிசி/டிஃபால்ட்/க்ரப்’ கோப்பில் டைம்அவுட் ஸ்டைல் என்ற வரியில் ‘ஹிட்டன்’ என்பதை ‘மெனு’ ஆக்கி, டைம்அவுட்டை 5 ஆக்கி ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுங்கள், இனி மெனு தானாகவே ஐந்து நொடி நிற்கும், எஸ்கேப்பைத் தட்டித் தவிக்க வேண்டாம். முகூர்த்த நாட்கள் நெருங்குகிற வாரத்தில் ‘சூடோ ஏபிடி-மார்க் ஹோல்டு லினக்ஸ்-ஜெனரிக்’ போட்டுவிட்டால் புதுக் கெர்னல் வராது (மெஷினைப் பொறுத்து அந்தப் பேக்கேஜ் பெயரில் ‘ஹெச்டபிள்யூஇ’ சேர்ந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்). சீசன் முடிந்த மறுநாளே ‘அன்ஹோல்டு’ போட்டு அப்டேட்டை ஓட்டுங்கள், கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் புதுக் கெர்னலில்தான் வருகின்றன. மச்சான் இந்த இரண்டு வரியையும் மொய் நோட்டின் முதல் அட்டையில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்.